பெயரும் விலாசமும்: செட்டிநாட்டுக் கணக்கேடுகளிற் பெயரிடு நெறி

1. முன்னுரை

மக்கட் பெயர் இருவகைத்து. வாயால் அழைத்தற்குரிய பெயர் ஒன்று; ஏட்டில் எழுதி வைத்தற்குரிய பெயர் மற்றொன்று. முன்னையது முகம் பார்த்து வழங்கப்படுவது. ஆதலின் அதன்கண் மயக்கம் நேரினும் அப்பொழுதே வினவித் தெளிந்து கொள்ளலாம். பின்னையதன் நிலை அவ்வாறன்று. ஆளைக் கண்டறியாத ஒருவர், அவர் மறைந்து நெடுங்காலம் சென்ற பின்னரும், எழுத்தொன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு ‘இன்னார்’ எனத் துணிதல் வேண்டும். ஆகவே ஏட்டுப் பெயருக்கு இலக்கணம் வேண்டும். எதனை எழுதலாம், எதனை எழுதலாகாது என்னும் வரையறையும் வேண்டும்.

இவ்வுண்மையை இக்காலத்தில் நன்கு உணர்ந்தவர் கணினித் தரவுத்தளம் அமைப்போர் ஆவர். 1970-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த எட்கர் காட் என்பார், தரவுகளை அட்டவணைகளாக வகுத்து ஒன்றோடொன்று தொடர்புறுத்தும் முறையை விளக்கிக் கட்டுரை ஒன்று வெளியிட்டார். அம்முறையில் ஒவ்வோர் அட்டவணையிலும் ஒவ்வொரு வரியையும் ஏனையவற்றினின்று ஐயமறப் பிரித்துக் காட்டும் உறுப்பு ஒன்று அமைதல் வேண்டும். அதனை ‘முதன்மைத் திறவுகோல்’ என வழங்குவர். 1974-இல் சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் அத்தகைய தரவுகளை வினவுதற்கு ஒரு மொழி வகுத்து அதற்குச் ‘சீக்குவல்’ எனப் பெயரிட்டனர். அப்பெயர் பிறரொருவரின் வணிகக் குறியுரிமைக்கு உட்பட்டிருந்தமையின், பின்னர் எஸ்.கியூ.எல். எனச் சுருக்க நேர்ந்தது. பெயரிடும் விதி வகுத்த மொழிக்கே பெயர்த்தடை நேர்ந்தது கருதற்குரியது. அம்மொழியில் ‘செலக்ட்’, ‘டேபிள்’, ‘ஆர்டர்’, ‘குரூப்’ முதலாய சொற்கள் மொழியின் தொழிற்கென ஒதுக்கப்பட்டவை. அவற்றை அட்டவணைக்கோ அதன் பத்திகளுக்கோ பெயராக வாளா இடலாகாது.

இவை யாவும் இந்நூற்றாண்டினர்க்கே தோன்றிய கருத்துகள் என எண்ணுதல் வேண்டா. காரைக்குடியை நடுவாகக் கொண்ட செட்டிநாட்டில், நாட்டுக்கோட்டை நகரத்தார் தம் கணக்கேடுகளிலும் கோயிற் பதிவுகளிலும் மணவோலைகளிலும் ஆளைக் குறித்தற்கு ஒரு நெறி வகுத்துத் தலைமுறை பலவாகப் பேணி வந்துள்ளனர். ‘விலாசம்’ என வழங்கும் பெயர்த்தொடர் அந்நெறியின் உயிர்நிலை. அதன் இலக்கணத்தை விளக்குதலும், இன்று அவ்வேடுகளைக் கணினியில் ஏற்றுவோர் அவ்விலக்கணம் அறியாமையால் நேரும் இழப்பைச் சுட்டுதலும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

2. ஒரு பெயர்க்குரியோர் பலர்

பெயர் ஒன்றாய் ஆள் பலராகும்பொழுது வேறுபடுத்தும் அடைமொழி வேண்டப்படுகின்றது. தொல்காப்பியனார் பெயரியலில் மக்கட்குரிய பெயர்களை வகுக்குங்கால் நிலத்தால் வருவன, குடியால் வருவன, குழுவால் வருவன, வினையால் வருவன, உடைமையால் வருவன, பண்பால் வருவன, முறையால் வருவன எனப் பலவாகப் பிரித்துக் காட்டினார். சங்கப் புலவர் பெயர்களை நோக்குவார்க்கு இப்பகுப்பின் பயன் இனிது விளங்கும். சாத்தன் என்னும் பெயருடையார் பலர். அவருள் ஒருவர் ஒக்கூர் மாசாத்தனார். ஒருவர் ஆலம்பேரிச் சாத்தனார். ஒருவர் உறையூர்க் கதுவாய்ச் சாத்தனார். சீத்தலைச் சாத்தனாரும் மணிமேகலை இயற்றிய கூலவாணிகன் சாத்தனாரும் ஒருவரோ இருவரோ என்னும் வினா அறிஞரிடையே நெடுநாள் வழக்காடப்பட்டு வருவதை நாம் அறிவோம். ஊரால் ஓரடையும் தொழிலால் ஓரடையும் தனித்தனி நின்றமையே அவ்வழக்கிற்கு வித்தாயிற்று.

பெயர் மீண்டும் மீண்டும் வருதற்குத் தமிழ்க்குடி வழக்கே ஒரு காரணம். பாட்டன் பெயரைத் தாங்குவோன் ஆதலின் அவன் ‘பெயரன்’ எனப்பட்டான். நகரத்தாரிடையே இவ்வழக்கு மிக உறுதியாக நின்றது. தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரும், அடுத்தவனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரும் இடுதல் பெருவழக்கு. பெண்மக்கட்குப் பாட்டியர் பெயர்கள் அவ்வாறே வரும். அண்ணாமலை, அழகப்பன், அருணாசலம், இராமநாதன், சிதம்பரம், சுப்பிரமணியன், பழனியப்பன், பெரியகருப்பன், முத்தையா, மெய்யப்பன், வயிரவன் முதலாகச் சில பெயர்களே இல்லந்தோறும் சுழன்று வரும். எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களில் வாழ்ந்து, பருமா, இலங்கை, மலேயா, சிங்கப்பூர் எனக் கடல் கடந்தும் கடை வைத்திருந்த ஒரு வணிகக் குழுவினர்க்கு, ‘முத்தையாவுக்குக் கொடுத்தது’ என்னும் குறிப்பால் விளைவது யாது? எந்த முத்தையா என்பது தெரியாதவழிக் கடனும் இல்லை, வரவும் இல்லை.

3. விலாசத்தின் இலக்கணம்

இவ்விடர்ப்பாட்டை நீக்க அவர் கைக்கொண்டதே விலாசம். முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை மூத்தோர் தொடங்கித் தந்தை ஈறாக நிரல்பட நிறுத்தி, இறுதியிற் பெயரை வைத்தல் அதன் பொதுவிதி. சென்னையிற் கிரிக்கெட் அரங்கு ஒன்றிற்குத் தம் பெயர் தந்த எம்.ஏ. சிதம்பரம் (1918–2000) அவர்களை நோக்குவோம். ‘ஏ’ என்பது அவர்தம் தந்தையார் அரசர் அண்ணாமலைச் செட்டியார் (1881–1948). ‘எம்’ என்பது பாட்டனார் முத்தையச் செட்டியார். அண்ணாமலைச் செட்டியாரோ எஸ்.ஆர்எம்.எம். என்னும் விலாசம் உடையர். அதன் ஈற்று ‘எம்’ அம்முத்தையரையே குறிக்கும். சிதம்பரம் அவர்களின் மைந்தர் ஏ.சி. முத்தையா. இங்கு ‘ஏ’ அண்ணாமலை, ‘சி’ சிதம்பரம். முப்பாட்டன் பெயர் மைந்தர்க்கு வந்தது. முன்னே நின்ற ‘எம்’ உதிர்ந்தது. இவற்றை அடுக்கி நோக்கின், தனியாள் எழுதும் முதலெழுத்துகள் தலைமுறைதோறும் ஒவ்வொன்றாக நகர்வன என்பதும், அவை நெடியதொரு தொடரின் ஒரு பகுதியே என்பதும் புலனாகும்.

இரண்டாம் விதி எழுத்தின் அளவு பற்றியது. ‘அ’ என ஓரெழுத்து மட்டும் எழுதின் அண்ணாமலையோ அழகப்பனோ அருணாசலமோ என ஐயம் நிகழும். அதனால் அழகப்பனை ‘அழ.’ என்றும், அருணாசலத்தை ‘அரு.’ என்றும், சிதம்பரத்தைச் ‘சித.’ என்றும், சுப்பிரமணியனைச் ‘சுப.’ என்றும், பழனியப்பனைப் ‘பழ.’ என்றும், கருப்பனைக் ‘கரு.’ என்றும் ஈரெழுத்தால் எழுதும் வழக்கம் தோன்றியது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922–1989), பேரறிஞர் வ.சுப. மாணிக்கம் (1917–1989) ஆகியோர் பெயர்களால் இம்முறை தமிழுலகம் முழுதும் அறிந்ததாயிற்று. நெற்குப்பையிற் பிறந்த சோம. லெட்சுமணன் அவர்கள் ‘சோமலெ’ என்றே தம்மை வழங்கினார். அங்கு முதலெழுத்தும் பெயரும் ஒன்றாய்க் கலந்து புதுப்பெயராயின. ஆங்கிலத்தில் எழுதுங்காலும் இவ்விதி மறக்கப்படவில்லை. சிதம்பரத்திற்குச் ‘சிடி’ எனவும், அழகப்பனுக்கு ‘ஏஎல்’ எனவும், இராமநாதனுக்கு ‘ஆர்எம்’ எனவும் ஈரெழுத்திட்டு, அவ்விரண்டிற்கும் இடையே புள்ளியிடாது, அவற்றின் ஈற்றிலேயே புள்ளி வைத்தனர்; இரண்டாம் எழுத்தைப் பலரும் சிறிய வடிவில் எழுதினர். கோட்டையூரிற் பிறந்து காரைக்குடியிற் கல்விக் கோயில்கள் எடுத்த வள்ளல் அழகப்பச் செட்டியார் (1909–1957) கே.வி.ஏஎல்.ஆர்எம். என்னும் விலாசத்தினர். அதன்கண் எழுத்து ஆறு, முன்னோரோ நால்வர். ‘ஆர்எம்’ அவர்தம் தந்தையார் இராமநாதர்.

ஆகவே விலாசத்திற் புள்ளி அழகிற்கு இட்டதன்று. அஃது இலக்கணக் குறி. ஒரு முன்னோர் முடிந்து மற்றொரு முன்னோர் தொடங்கும் எல்லையை அது காட்டுகின்றது. தமிழ் எண்கள் வழங்கிய பழங்கணக்கேடுகளில் இதற்கு வேறொரு பயனும் உண்டு. ‘க’ ஒன்றையும், ‘ச’ நான்கையும், ‘அ’ எட்டையும் குறிக்கும் எண்களோடு வடிவொத்தவை. எழுத்தை எண்ணெனவும் எண்ணை எழுத்தெனவும் மயங்காதவாறு ஈரெழுத்துக் குறுக்கமும் புள்ளியும் துணைநின்றன.

மூன்றாம் விதி, விலாசத்தின் கிளைப்பு. குடும்பம் பிரிவுறும்பொழுது பழைய தொடர் அடிமரமாக நிற்க, பிரிந்தோர் ஒவ்வொருவரும் தத்தம் எழுத்தைச் சேர்த்துக் கொள்வர். கானாடுகாத்தானில் ஒரே முகப்புடன் இரட்டை வீடாக விளங்கும் பேரில்லத்தைச் சி.வி.சிடி., சி.வி.ஆர்எம். என இரு விலாசங்களால் வழங்குவர். ‘சி.வி.’ என்னும் அடி பொது. அடுத்த எழுத்தே கிளை. கட்டடத்தைக் காணாதவரும் அவ்விரு தொடரைக் கண்ட அளவில் அவற்றின் உறவை உய்த்துணரலாம்.

4. சுழற்சியால் வரும் மயக்கம்

இத்துணை நுட்பமுடைய விலாசமும் ஓரிடத்து இடர்ப்படும். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937-இல் தோற்றுவித்தவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், 1954-இல் சிங்கப்பூரில் நிகழ்ந்த வானூர்தி விபத்தில் மறைந்தவர். அவர்தம் தந்தையார் சர் எம்.சிடி. முத்தையச் செட்டியார். பாட்டன் பெயரே பெயரனுக்கு வந்தமையின் சிதம்பரம் செட்டியாரின் மைந்தருள் ஒருவரும் எம்.சிடி. முத்தையா ஆயினார். பாட்டனும் பெயரனும் பெயரால் மட்டுமன்றி முதலெழுத்தாலும் ஒருவரே போல நிற்கின்றனர். முத்தையா, சிதம்பரம் என்னும் இரு பெயர்களும் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையாக மாறி வருதலின் இவ்வொற்றுமை தவிர்க்க இயலாததாயிற்று.

சோழர் வரலாறு கற்பார்க்கு இவ்விடர் புதிதன்று. சோழ மன்னர் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறிப் புனைந்தனர். இயற்பெயர் கூறாது ‘பரகேசரி’ என்றும் ஆட்சியாண்டு என்றும் மட்டும் குறித்த கல்வெட்டுகளை எம்மன்னனுக்கு உரியவை எனத் துணிதற்கு எழுத்தமைதியையும் பிற சான்றுகளையும் நாடி அறிஞர் உழலுதல் கண்கூடு. சுழன்று வரும் பெயர், காலக்குறிப்புடன் சேர்ந்தன்றி ஆளைக் காட்டாது.

கணக்கேடுகளிலோ காலக்குறிப்பும் சுழல்வதே. பிரபவ முதல் அட்சய ஈறாகிய அறுபது ஆண்டுப் பெயர்களால் நாள் குறித்தல் பழைய வழக்கம். பிரபவ ஆண்டு 1867-இலும் வந்தது, 1927-இலும் வந்தது, 1987-இலும் வந்தது. பாட்டனுக்கும் பெயரனுக்கும் இடைப்பட்ட காலம் அறுபது ஆண்டை ஒட்டி அமைதல் இயல்பாதலின், ஒரே விலாசமும் ஒரே ஆண்டுப் பெயரும் உடைய இரு தாள்கள் இரு வேறு ஆட்களுடையனவாதல் கூடும். ஆண்டுப் பெயரை அவ்வாறே படியெடுத்து, கிறித்தவ ஆண்டை ஆராய்ந்து தனியே சேர்த்தாலன்றி இம்மயக்கம் நீங்காது.

5. ஊரும் கோயிலும் புள்ளியும்

விலாசம் ஒன்றையே நகரத்தார் நம்பியிருந்தாரல்லர். ஊரும் கோயிலும் உடன் குறித்தனர். இளையாத்தங்குடி, மாத்தூர், வயிரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்பன அவர்தம் ஒன்பது கோயில்கள். இளையாத்தங்குடியும் மாத்தூரும் ஏழேழு உட்பிரிவுடையன. ஒவ்வொருவரும் இவற்றுள் ஒன்றிற்குரியவர். ஒரு கோயிலின் ஒரே பிரிவினர் தம்முள் மணவினை கொள்வதில்லை. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் உடன்பிறப்பு முறையின ஆதலின் அவ்விரு கோயிலார்க்கிடையேயும் மணம் இல்லை. ஆகவே கோயிற் பெயர் ஆளைக் குறிக்கும் அடையாக நிற்பதோடு, எது கூடும், எது கூடாது என வரையறுக்கும் கட்டளையாகவும் நிற்கின்றது. தரவுத்தளம் அமைப்போர் ‘கட்டுப்பாடு’ எனப் பெயரிட்டு அட்டவணையிற் பொறிக்கும் விதியும் இதனை ஒத்ததே.

மணம் நிகழுங்கால் கோயிலிலிருந்து மாலை வரும். மணமக்கள் அக்கோயிலில் ஒரு ‘புள்ளி’யாகப் பதிவு பெறுவர். இரு இல்லத்தாரும் உடன்பட்டமைக்குச் சான்றாக ‘இசைகுடிமானம்’ எழுதப்படும். கோயில் வரியும் உரிமையும் புள்ளிக் கணக்கால் அமைவன. ஊர், கோயில், விலாசம், பெயர் என்னும் நான்கும் கூடியவழி ஆள் ஐயமறத் தெளிவுறுவார். இது கணினியார் கூறும் கூட்டுத் திறவுகோலாம்.

இப்பதிவு கோயிலோடு நின்றதன்று. பருமாவில் 1929–30-இல் நடைபெற்ற வங்கித்தொழில் விசாரணையின் காலத்தில் அந்நாட்டில் நகரத்தார் கடைகள் ஆயிரத்திற்கு மேற்பட்டு இருந்தன. கடையின் பெயர் விலாசமே. கடையை நடத்தும் முகவர் மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறுவர். பெட்டியடிப் பையனும் அடுத்தாளும் மாறுவர். பேரேட்டின் தலைப்பிலும் ஐந்தொகையிலும் உள்ள விலாசம் மாறாது. 1942-இல் சப்பானியர் படையெடுப்பால் நகரத்தார் பலர் பருமாவை விட்டு நீங்கியபொழுது, நிலமும் கடையும் அங்கே நின்றன. உடன் வந்தவை தாள்களே. அத்தாள்களில் உள்ள உரிமை யாருடையது என்பதைக் காட்டுவது விலாசமன்றிப் பிறிதில்லை.

6. விலக்கிய சொற்கள்

இனி, எழுதலாகாச் சொற்களையும் சொல்லலாகாப் பெயர்களையும் நோக்குவோம். நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். ஓலையைத் ‘திருமுகம்’ என்றலும், சுடுகாட்டை ‘நன்காடு’ என்றலும் மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்றல் குழூஉக்குறி. களத்தில் நெல்லளப்போர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்னாது ‘லாபம்’ என்று எண்ணத் தொடங்குதல் இன்றும் நாம் கேட்டறிந்ததே. கணக்கேட்டின் முகப்பில் ‘உ’ எனப் பிள்ளையார் சுழி இடுவர். அதே வடிவம் தொகைப் பத்தியில் நின்றால் இரண்டு என்னும் எண்ணாகும். முகப்பில் நிற்பதை எவரும் இரண்டெனக் கூட்டார். இடமே பொருளை ஒதுக்கித் தந்தது. கணினி மொழியில் ஒதுக்கப்பட்ட சொல், மேற்கோட் குறிக்குள் நின்றால் பெயராகவும் வெளியே நின்றால் ஏவலாகவும் கொள்ளப்படுதல் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

பெயர்த்தடையுள் மிக வலியது இல்லத்தினுள் வழங்கிய தடையாகும். மனைவி கணவன் பெயரைச் சொல்லாள். மருமகள் மாமனார் பெயரைச் சொல்லாள். தலைமகனுக்கோ மாமனார் பெயரையே இட்டாயிற்று. தாய் தன் மகனை எவ்வாறு அழைப்பாள்? இதனால் அழைக்கும் பெயர் ஒன்று வேறாகத் தோன்றும். பாட்டனார் பெயர் ஏட்டில் நிற்க, ‘மணி’ என்றோ ‘ராஜா’ என்றோ வேறொரு பெயர் வாயில் நிற்கும். வ.சுப. மாணிக்கனாரின் இயற்பெயர் அண்ணாமலை என்பதும், மாணிக்கம் என்பது அழைக்கப்பட்ட பெயரே என்பதும் பலர் அறியார். அழைக்கும் பெயரே நிலைபெற்று உலகறிந்த பெயராதலும் உண்டு என்பதற்கு அவரே சான்று.

மகவு கொடுத்தலால் வரும் மாற்றமும் உண்டு. கவிஞர் கண்ணதாசன் 1927-இல் சிறுகூடற்பட்டியிற் பிறந்தபொழுது முத்தையா. மகவாகச் சென்ற இல்லத்தில் நாராயணன். இலக்கிய உலகிற் கண்ணதாசன். மூன்று பெயரும் மெய்ப்பெயர்களே. மூன்றும் மூன்று வேறு ஏடுகளில் நிற்பன. ஒன்றை மெய்யெனக் கொண்டு ஏனையவற்றைத் தள்ளுவோர் ஏனைய இரண்டு ஏடுகளின் கதவையும் அடைப்பவராவர்.

7. கணினிப் பட்டியலில் நேரும் இழப்பு

செட்டிநாட்டு இல்லங்கள் பல பூட்டிக் கிடக்கின்றன. சில இடிக்கப்பட்டு மரமும் கல்லும் விலையாகின்றன. பேரேடுகள் பழந்தாளாக எடைக்குப் போதலும் உண்டு. கோட்டையூரில் ரோஜா முத்தையா (1926–1992) என்னும் ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் தேடித் திரட்டிய நூற்றொகுதி, 1994-இல் நிறுவப்பெற்ற ஆராய்ச்சி நூலகமாகச் சென்னையில் நிலைபெற்றது நற்பேறு. முத்தையா என்னும் பெயருடையார் ஆயிரவருள் அவரைத் தனித்துக் காட்டியது தொழில் வழி வந்த ‘ரோஜா’ என்னும் அடையே என்பதும் நம் பொருளுக்கு இயைபுடையது. அத்தகைய பேறு பெறாத ஏடுகளை இன்று ஆங்காங்கே ஆர்வலர் படம் பிடித்துப் பட்டியலிடுகின்றனர். முயற்சி போற்றற்குரியது, ஆயினும் பட்டியலின் பத்திகள் ‘முதற்பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என மேலைநாட்டு வழக்கை ஒட்டி அமைகின்றன. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஐஸ்லாந்து நாட்டினர்க்கும் பெரும்பாலும் அஃது இல்லை. அவர் தந்தை பெயரைப் பின்னே சேர்ப்பர். தம் தொலைபேசிப் பட்டியலை இயற்பெயர் அகரநிரலால் அமைத்தனர். தமக்கேற்ற பட்டியலைத் தாமே வகுத்தமையால் அவர்க்கு இழப்பில்லை. நம் நாட்டிலும் நூலகவியல் அறிஞர் அரங்கநாதன் (1892–1972) 1934-இல் வெளியிட்ட தம் பட்டியல் நெறி நூலிலேயே தென்னாட்டுப் பெயர்கட்குத் தனிவிதி வேண்டும் என உணர்ந்து வகுத்தார். அவ்வுணர்வு கணினிப் படிவங்களில் மறக்கப்பட்டது.

எம் பிழை ஒன்றையும் ஈண்டு மறையாது கூறுதல் கடன். ஓர் இல்லத்துப் பழங்கடிதங்களை எம் மாணவருடன் யாம் கணினியிற் பட்டியலிட்டபொழுது, அட்டவணை புள்ளியை ஏற்காமையின், முதலெழுத்துகளைப் புள்ளியின்றிப் பெரிய ஆங்கில எழுத்துகளால் சேர்த்தெழுதினோம். ‘ஆர்எம்’ என்னும் ஒருவரும், ‘ஆர்.’ ‘எம்.’ என்னும் இருவரும் எம் பட்டியலில் ஒன்றாயினர். இரு கிளைகளுக்குரிய கடிதங்கள் ஒருவர் பெயரின் கீழ்க் குவிந்தன. பட்டியலை அவ்வில்லத்து மூத்த ஆச்சி ஒருவரிடம் படித்துக் காட்டினோம். அவர் சற்றுக் கேட்டிருந்து, “தம்பி, புள்ளியைத் தொலைச்சிட்டீகளே! இதுல ரெண்டு புள்ளியில்ல இருக்கு” என்றார். எழுத்தின் மேல் வைக்கும் புள்ளியையோ, கோயிலிற் பதிந்த குடும்பமாகிய புள்ளியையோ அவர் கருதியது? இரண்டும் ஒன்றே என்பதை யாம் அன்று உணர்ந்தோம். எழுத்தின் புள்ளி தொலையின் கோயிலின் புள்ளியும் தொலையும். அப்பட்டியலை முதலிலிருந்து மீண்டும் எழுதினோம்.

கருவியின் வரம்பும் ஒன்று உண்டு. போஸ்ட்கிரெஸ் என்னும் பெருவழக்குடைய தரவுத்தள மென்பொருள், அட்டவணைக்கும் பத்திக்கும் இடும் பெயரை இயல்பாக 63 பைட்டு அளவிற்கு மேற் கொள்ளாது, மிகுந்ததை வெட்டிவிடும். ஆங்கில எழுத்து ஒன்றிற்கு ஒரு பைட்டு போதும். ஒருங்குறியின் வழக்கமான யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளும். உயிர்மெய்யின் துணைக்குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படும். ‘விலாசம்’ என்னும் ஒரு சொல்லே ஏழு குறியீடாய் 21 பைட்டு ஆகும். ஆகவே தமிழில் 21 குறியீடே எல்லை. இவ்வரம்பு பத்தியின் தலைப்புக்கே உரியது. பத்தியினுள் எழுதும் மக்கட் பெயருக்கு அன்று. இவ்வேறுபாடு அறியாது, தமிழிற் பெயரெழுத இடமில்லை எனக் கருதி ஆங்கிலத்திற்கு மாறுவோர் வீணே இழப்பர். 2021-ஆம் ஆண்டு இறுதியில் தமிழ்நாட்டரசு, பெயரின் முதலெழுத்தையும் தமிழிலேயே எழுதல் வேண்டும் என ஆணை பிறப்பித்தது. அவ்வாணையைப் பின்பற்றிப் பழைய விலாசங்களைத் தமிழாக்குவோர், ‘சிடி’ என்பதைச் ‘சி. தி.’ எனப் பிரியாது ‘சித.’ என எழுத அறிதல் வேண்டும்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் சில துணிபுகள் பெறப்படும். விலாசம் வெறும் முதலெழுத்துத் தொகுதி அன்று; குடிவழியும் கிளையும் காட்டும் இலக்கணத் தொடர். அதனைப் பட்டியலில் தனிப் பத்தியாக நிறுத்தி, ஏட்டில் உள்ளவாறே புள்ளியும் எழுத்தளவும் பிறழாது படியெடுத்தல் வேண்டும். எழுத்துகளை விரித்துப் பெயராக்குதல் ஆராய்ச்சியின் பயன். அது சான்று கண்ட பின்னரே, மற்றொரு பத்தியில், மூலத்தை மாற்றாது அமைதல் வேண்டும். ஊரும் கோயிலும் உடன் குறிக்கப்படல் வேண்டும். அறுபதாண்டுப் பெயரையும் கிறித்தவ ஆண்டையும் வெவ்வேறாக எழுதல் வேண்டும். அழைக்கும் பெயருக்கும், மகவு சென்ற இல்லத்துப் பெயருக்கும் இடம் ஒதுக்கல் வேண்டும். பத்திகளின் தலைப்பு கணினி மொழி தனக்கென ஒதுக்கிய சொல்லாய் அமையாதவாறும் காத்தல் வேண்டும்.

இவற்றுள் எதுவும் பெரும்பொருள் வேண்டுவதன்று. கருத்து ஒன்றே வேண்டுவது. பாட்டன் எவ்வூரில் எக்கடையில் இருந்தார் என வினவி, மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் காரைக்குடிக்கு வரும் இளைஞர் உளர். அவர் கையில் பெரும்பாலும் இருப்பது ஒரு பழந்தாளும் அதன் தலைப்பில் நான்கைந்து எழுத்துகளுமே. அவ்வெழுத்துகளை வைத்தே ஊரையும் வீட்டையும் கண்டு அவரை அவர்தம் வாயிலிற் கொண்டு நிறுத்தவல்ல முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். அவர் அறிந்த இலக்கணத்தை அவர் இருக்கும்பொழுதே கேட்டு எழுதிக் கொள்ளுதலும், அவ்வெழுத்தின் புள்ளி தொலையாதவாறு பட்டியல் அமைத்தலும் தமிழ் ஆராய்வோர் கடமைகளாம். இத்துறையில் வல்லார் இதனின் விரிவாக ஆராய்ந்து, யாம் கூறியவற்றுட் குறை காணின் திருத்துவாராக.